போர்ச் செய்தியாளர் வாத்தியாரானபோது: பீட்டர் ஆர்னெட்டை முன்வைத்துச் சில கேள்விகள்

1

பீட்டர் ஆர்னெட் 2025 டிசம்பரில் கலிபோர்னியாவில் இறந்தார். வயது 91. அஞ்சலிக் குறிப்புகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. மெகோங் ஆற்றை நீந்திக் கடந்தது, வியட்நாம் போர்ச் செய்திகளுக்காக 1966இல் புலிட்சர் பரிசு வாங்கியது, 1991இல் குண்டு விழும் பாக்தாதில் ஓட்டல் அறையிலிருந்து பேசியது, 1997இல் ஆப்கானிஸ்தான் மலைக்குள் போய்ப் பின் லேடனைப் பேட்டி கண்டது. இதெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு வரி: 2007 முதல் சீனாவின் ஷான்டோ பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தார், 2014இல் ஓய்வு பெற்றார். அவ்வளவுதான். ஏழு வருஷம் ஒரு வரியில் அடங்கிவிட்டது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

நம் மத்தியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நேரில் பார்த்தவன் சொன்னால் அது உண்மை. எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் ஒன்றுபோல நம்புகிற சங்கதி இது. 'சாட்சியம்' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கிற மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. வெளிநாட்டுச் செய்தியாளர் என்பவர் இந்த நம்பிக்கையின் தொழில்முறை வடிவம். 'நான் அங்கே இருந்தேன்' என்பதுதான் அவருடைய மூலதனம். அப்படிப்பட்டவர் வாத்தியாராகும்போது எதைச் சொல்லிக் கொடுப்பார்? 'அங்கே இருப்பதை' எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வீரத்துக்குப் பாடத்திட்டம் போட முடியுமா, செமஸ்டர் பரீட்சை வைக்க முடியுமா?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செய்திக்கு மேலே பெயர் போட்டுக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வெளிநாட்டுச் செய்தியாளருக்கு அது சலுகை விலையில் கிடைக்கிறது. இதைச் சொல்லாத இதழியல் வகுப்பு, புராணம் சொல்கிற வகுப்புதான். ஆர்னெட்டின் வாழ்க்கையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் இந்தப் பாடம் அதற்குள்ளேயே கிடைக்கிறது. ஆனால் சாகசங்களில் தேடினால் கிடைக்காது. அவரைச் சுற்றியிருந்த பெயர்களில் தேட வேண்டும்: மறைக்கப்பட்ட பெயர், விழுங்கப்பட்ட பெயர், இரவல் கொடுத்த பெயர்.

அவரது சுயசரிதை 'லைவ் ஃப்ரம் த பேட்டில்ஃபீல்ட்' 1994இல் வந்தது. வாத்தியார் வேலை அதற்கு ரொம்பப் பின்னால். சாகசத்தை அவரே எழுதிவிட்டார். பாடத்தை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2

1934இல் நியூசிலாந்தின் தென்கோடியில் ரிவர்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பக்கத்து நகரமான இன்வர்கார்கிலில் 'சௌத்லாந்து டைம்ஸ்' பத்திரிகையில் சேர்ந்து தொழில் பழகினார். பின்னாளில் இதழியல் பேராசிரியரான இவருக்கு ஆபீசும் தெருவும்தான் பள்ளிக்கூடம்.

பிறகு தென்கிழக்கு ஆசியா. 1960 ஆகஸ்டில் லாவோஸில் ராணுவக் கலகம் நடந்து தந்தித் தொடர்பு அறுந்துபோனது. ஆர்னெட் எழுதிய செய்தியையும் பாஸ்போர்ட்டையும் பல்லில் கவ்விக்கொண்டு மெகோங்கை நீந்தி, தாய்லாந்துக் கரையேறிச் செய்தியை அனுப்பினார். அடுத்து இந்தோனேசியா. நாட்டின் பொருளாதாரம் குட்டிச்சுவராகிக் கிடக்கிறது என்று எழுதினார்; வெளியே போ என்றார்கள். 1962இல் ஏ.பி. செய்தி நிறுவனத்துக்காகச் சைகோன். 1963 ஜூலையில் பௌத்தர்களின் ஆர்ப்பாட்டத்தைப் பார்க்கப் போன இடத்தில் மஃப்டி போலீஸ் அடித்துப் போட்டது. அவரையும் ஏ.பி. அலுவலகத் தலைவர் மால்கம் பிரௌனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். விட்டுவிட்டார்கள்.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். தைரியம் இல்லையென்று எவன் சொல்வான்? அடி வாங்கியது அவர் உடம்புதான். ஆனாலும் ஒவ்வொரு சம்பவத்தின் முடிவிலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. மெகோங்குக்கு ஒரு அக்கரை இருக்கிறது. இந்தோனேசியாவுக்கு வெளியே ஒரு சைகோன் இருக்கிறது. அவருக்குத் தரக்கூடிய பெரிய தண்டனை 'எங்கள் நாட்டைவிட்டுப் போ' என்பது. போன இடத்தில் அதே நிறுவனம், அதே சம்பளம், கொஞ்சம் கூடுதல் புகழ். பல்லில் கவ்விய பாஸ்போர்ட் நனையாமல் இருந்தது தற்செயலான விவரம் அல்ல. அந்தக் காட்சியின் மையமே அதுதான்.

அன்று அதே வியந்தியானில் செய்தி எழுதிய ஒரு லாவோஸ்காரனை யோசித்துப் பாருங்கள். அவனும் நீந்தத் தெரிந்தவனாகத்தான் இருப்பான். அக்கரை போனால் அகதி. திரும்பி வந்தால் கைதி. ஒரே ஆறு, ஒரே நீச்சல். ஒருவருக்கு அது தொழில்வாழ்க்கையின் தொடக்கம், இன்னொருவருக்கு ஊர்வாழ்க்கையின் முடிவு.

3

இனி அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். 1968 பிப்ரவரி 7. டெட் தாக்குதல் நடந்துகொண்டிருந்த நாட்கள். மெகோங் கழிமுகத்தில் பென் த்ரே என்ற மாகாணத் தலைநகரை வியட்காங்கிடமிருந்து மீட்க அமெரிக்கத் தரப்பு குண்டும் பீரங்கியும் போட்டு நொறுக்கியிருந்தது. அங்கே போன ஆர்னெட் அனுப்பிய செய்தியில், பெயர் சொல்லப்படாத அமெரிக்க மேஜர் ஒருவர் பேசுகிறார்: ஊரைக் காப்பாற்றுவதற்காக ஊரை அழிக்க வேண்டியதாகிவிட்டது என்று. அந்தப் போரைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் மொத்தமும் செய்யாத வேலையை இந்த ஒற்றை வாக்கியம் செய்தது. போர் எதிர்ப்பாளர்களின் கையில் கல்லாகக் கிடைத்தது.

ராணுவம் அந்த மேஜரைத் தேடியது. ஆர்னெட் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படி ஒரு ஆள் இருந்தாரா என்றே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. தகவல் தந்தவரைக் காப்பது தொழில் தர்மம், அதில் நமக்கு வழக்கு இல்லை. இது மறைக்கப்பட்ட பெயர்.

ஆனால் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். 'அழிக்க வேண்டியதாகிவிட்டது.' யார் அழித்தது? வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. மேஜர் சொன்னது அப்படித்தான், செய்தியும் அப்படித்தான் போனது. அதிகாரம் தன்னைப் பற்றிப் பேசும்போது எழுவாயைத் தொலைத்துவிட்டுத்தான் பேசும். வாக்கியம் வாய்க்கு வாய் மாறியபோது ஜனங்கள் அந்த இடத்தில் 'நாங்கள்' என்பதைக் கொண்டுவந்து வைத்தார்கள். அரசியல் ரீதியாகச் சரியான திருத்தம்தான், இருந்தாலும் திருத்தம். அதே போக்கில் இன்னொன்றும் நடந்தது. 'ஊர்', அதாவது நகரம், 'கிராமம்' ஆகிப்போனது. ஒரு மாகாணத் தலைநகரம், கடைவீதியும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடங்களும் இருந்த இடம், உலக மக்களின் ஞாபகத்தில் ஒரு கீற்றுக் குடிசைக் கூட்டமாகச் சுருங்கிவிட்டது. மேற்கின் கற்பனையில் ஆசியா என்றால் கிராமம்தானே.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வாக்கியத்தைச் சொன்னவர் யார் என்று அரை நூற்றாண்டாகத் தேடுகிறார்கள். பென் த்ரேயில் செத்தவர்கள் யார் யார் என்று அந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிற யாரும் கேட்பதில்லை. மேஜரின் பெயர் மறைக்கப்பட்டது; அதனாலேயே அது தேடத் தகுந்த பெயராகிவிட்டது. செத்தவர்களின் பெயர்களை யாரும் மறைக்கவில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். போர் எதிர்ப்புச் சொல்லாடலும் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

4

வாத்தியாரைப் பற்றிப் பேசும்போது வாத்தியாருக்கு வாத்தியார் யார் என்று கேட்பது முறை. ஆர்னெட் சைகோனுக்குப் போன காலத்தில் மால்கம் பிரௌன் தன் அலுவலக ஆட்களுக்காக ஒரு சின்னக் கையேடு தயாரித்து வைத்திருந்தார். வியட்நாமில் செய்தி சேகரிப்பது எப்படி என்று. அதிகாரி சொல்கிற எண்ணிக்கையை அப்படியே அனுப்பாதே, போய்ப் பார். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று எழுந்து நின்று பார்க்காதே, அடுத்த குண்டு உனக்கு. இப்படி நடைமுறைச் சங்கதிகள். போர்ச் செய்தித் தொழிலின் ஒழுங்கான பாடநூல் ஒன்று உண்டென்றால் இந்த மாதிரிச் சைக்ளோஸ்டைல் குறிப்புகளைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கே போய்ப் பார்ப்பது, யாரிடம் கேட்பது, சொல்கிறவன் சொல்லாமல் விட்டது என்ன என்பதையெல்லாம் எந்தக் கையேடும் சொல்லாது. அதைச் சொன்னவர்கள் சைகோன்காரர்கள். மொழிபெயர்ப்பாளர்கள், ஓட்டுநர்கள், பகுதிநேரப் புகைப்படக்காரர்கள், உள்ளூர் நிருபர்கள். இவர்களில் உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஃபாம் சுவான் அன். ராய்ட்டரில் இருந்து பிறகு 'டைம்' பத்திரிகைக்கு வேலை பார்த்தவர். அமெரிக்கச் செய்தியாளர்கள் வியட்நாம் அரசியல் புரியாதபோதெல்லாம் இவரிடம்தான் வந்து உட்கார்ந்தார்கள். சைகோன் பத்திரிகையாளர் கூட்டத்துக்கே குருநாதர். போர் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவர் வட வியட்நாமின் உளவாளி என்று. இந்த உளவுக் கதையின் கவர்ச்சியில் எல்லாரும் முழுகிப்போகிறார்கள். எனக்கு வேறு ஒன்று முக்கியமாகப் படுகிறது. அவருக்கு ஒரு பெயர் கிடைத்ததே உளவாளி என்பதால்தான். வெறும் நல்ல செய்தியாளராக மட்டும் இருந்திருந்தால் இன்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

1975 ஏப்ரல் 30. சைகோன் விழுந்த அன்று ஆர்னெட் வெளியேறாமல் ஏ.பி. அலுவலகத்தில் இருந்தார், இன்னும் இரண்டு சக செய்தியாளர்களோடு. இதை அவர் வாழ்க்கையின் உச்சமாகச் சொல்வார்கள். அன்று அந்த அலுவலகத்துக்குள் வட வியட்நாம் வீரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் கீ ஞான் என்ற புகைப்படக்காரர். ஏ.பி.க்குப் படம் கொடுத்துக்கொண்டிருந்த ஆள். பத்து வருஷமாகத் தான் புரட்சியாளர் என்று அன்றுதான் சொன்னார். அலுவலகத்தின் பாதுகாப்புக்குத் தான் பொறுப்பு என்றும் சொன்னார். வந்தவர்களுக்குக் கோக்கும் மிச்சமிருந்த கேக்கும் கொடுத்து, அவர்கள் வந்த பாதையை வரைபடத்தில் காட்டச் சொல்லிக் கேட்டு, ஆர்னெட்டும் நண்பர்களும் செய்தி அனுப்பினார்கள். துணிச்சலான செய்திதான். அந்தத் துணிச்சலுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார் என்பதையும் சேர்த்துத்தானே வாசிக்க வேண்டும்?

அதே ஏ.பி. அலுவலகத்தில் ஹுயின் தான் மீ என்ற புகைப்படக்காரர் இருந்தார். 1965 அக்டோபரில் போர்க்களத்தில் செத்தார். அவர் தம்பி அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் நிக் உட். 1972 ஜூன் 8இல் டிராங் பாங்கில் நேபாம் பட்டு ஓடிவரும் சிறுமியின் படம் அவர் பெயரில் வந்தது. 2025இல் வெளியான 'த ஸ்டிரிங்கர்' என்ற ஆவணப்படம், அந்தப் படத்தை எடுத்தவர் நிக் உட் இல்லை, நுயென் தான் ஙே என்ற பகுதிநேரப் புகைப்படக்காரர் என்று வாதிட்டது. ஏ.பி. விசாரித்துவிட்டு, பெயரை மாற்றுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்போ நிக் உட்டின் பெயரை அந்தப் படத்திலிருந்து நிறுத்திவைத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நூற்றாண்டின் மிகப் பிரபலமான போர்ப் படங்களில் ஒன்று யார் கையால் எடுக்கப்பட்டது என்ற கேள்வி 53 வருஷம் கழித்து எழ முடிகிறது என்றால், அந்த அலுவலகங்களில் பெயர்கள் எப்படிப் புழங்கின என்பது அதிலேயே தெரிகிறது. ஃபிலிம் சுருளைக் கொண்டுவந்து கொடுத்து, காசை வாங்கிக்கொண்டு போகிறவனுக்குப் பெயர் ஒரு உபரி. இது விழுங்கப்பட்ட பெயர்.

மறைக்கப்பட்ட பெயர் வேறு, விழுங்கப்பட்ட பெயர் வேறு. முன்னது ஒருவரைக் காப்பாற்றுகிறது. பின்னது ஒருவரை இல்லாமல் செய்கிறது. அச்சில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், இதுதான் சிக்கல்.

5

1991 வளைகுடாப் போர். அப்போது இந்தியாவில் சி.என்.என். பெரிய ஓட்டல்களின் வரவேற்பறையில் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் போருக்குப் பிறகுதான் கேபிள் ஒயர் நம் தெருக்களில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஓட ஆரம்பித்தது. போரை நேரலையாகப் பார்க்கிற பழக்கத்தை உலகத்துக்குத் தொற்றவைத்தவர்களில் ஆர்னெட்டும் ஒருவர். பாக்தாதின் அல் ரஷீத் ஓட்டலிலிருந்து பெர்னார்டு ஷா, ஜான் ஹாலிமன், ஆர்னெட் மூவரும் முதல் நாள் குண்டுவீச்சை வர்ணித்தார்கள். மற்றவர்கள் போன பிறகும் ஆர்னெட் தங்கினார்.

அபு கிரைபில் ஒரு தொழிற்சாலை நொறுக்கப்பட்டது. கிருமி ஆயுதக் கூடம் என்றது அமெரிக்கா. குழந்தைகளுக்கான பால்மாவுத் தொழிற்சாலை என்றது ஈராக். ஆர்னெட் போய்ப் பார்த்துவிட்டுத் தான் பார்த்தது பால்மாவு என்றார். பிப்ரவரி 13இல் அமிரியா பதுங்கிடத்தில் குண்டு விழுந்து 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். அதையும் காட்டினார். வாஷிங்டனில் கொதித்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் 34 பேர் கையெழுத்திட்டு, இது தேசபக்தி இல்லாத இதழியல் என்று கடிதம் எழுதினார்கள். செனட்டர் ஆலன் சிம்ப்சன் அவரை எதிரியின் அனுதாபி என்றார். ஆர்னெட்டின் மனைவி வியட்நாமியப் பெண். அந்த உறவு வழியைப் பிடித்து வியட்காங் முத்திரை குத்தப் பார்த்துவிட்டு, பிறகு சிம்ப்சன் மன்னிப்புக் கேட்டார்.

இதில் இதழியல் வகுப்புக்கு வேண்டிய பாடம் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. பாக்தாதிலிருந்து வந்த அந்தச் செய்திகளில், இது ஈராக் தணிக்கை அதிகாரிகளின் அனுமதியோடு வருகிறது என்று சி.என்.என். அறிவித்துக்கொண்டிருந்தது. நான் பார்க்கிறேன், ஆனால் என் தோளுக்குப் பின்னால் ஒருத்தர் நிற்கிறார், அவர் காட்டியதைத்தான் பார்க்கிறேன் என்று செய்தியே ஒப்புக்கொண்டது. பார்வைக்கான நிபந்தனையைப் பார்வைக்குள்ளேயே எழுதிவிடுவது. 'நடுநிலை' பற்றிய பெரும் பேச்சுகளைவிட நேர்மையான காரியம் இது. அதே போரில் அமெரிக்க ராணுவத்தின் கட்டுப்பாட்டில், ராணுவம் கூட்டிப்போன இடங்களிலிருந்து வந்த செய்திகளும் தணிக்கை பார்த்து வந்தவைதாம். ஈராக் தணிக்கைக்குக் கிடைத்த அளவுக்கு அந்தத் தணிக்கைக்குத் திரையில் இடம் கிடைக்கவில்லை. தணிக்கை என்றால் அது எப்போதும் எதிரி நாட்டுச் சமாசாரம்.

6

எல்லாம் இவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. 1998 ஜூனில் சி.என்.என்.னும் 'டைம்' பத்திரிகையும் சேர்ந்து ஒரு செய்தி வெளியிட்டன. 1970இல் லாவோஸில் 'டெயில்விண்ட்' என்ற ரகசிய நடவடிக்கையில் அமெரிக்க ராணுவம் சரின் நச்சு வாயுவைப் பயன்படுத்தியது என்று. ஆர்னெட்தான் திரையில் சொன்னார். 'டைம்' கட்டுரையிலும் அவர் பெயர் இருந்தது. செய்தி நிற்கவில்லை. ஜூலையிலேயே இரண்டு நிறுவனங்களும் வாபஸ் வாங்கின. செய்தியைத் தயாரித்த இருவர் வேலையிழந்தார்கள். ஆர்னெட் கண்டிக்கப்பட்டார், அடுத்த வருஷம் சி.என்.என்.னை விட்டுப் போனார். அவர் சொன்ன சமாதானம்: அந்தச் செய்தியில் ஒரு காற்புள்ளிகூடத் தான் எழுதியதில்லை.

இந்தக் காற்புள்ளியை நாம் சும்மா விடக்கூடாது. இதுதான் இரவல் கொடுத்த பெயர். சைகோனில் எத்தனையோ பேர் வேலை செய்து பெயர் இல்லாமல் போனார்கள். அட்லாண்டாவில் ஒருவர் வேலை செய்யாமல் பெயர் கொடுத்தார். இரண்டும் ஒரே எந்திரத்தின் இரண்டு முனைகள். செய்தி நிறுவனத்துக்கு நம்பகத்தன்மை என்பது ஒரு சரக்கு. அதை ஒரு பிரபல முகத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்து ஒட்டும். ஒட்டிய இடத்தில் கோளாறு என்றால் முகத்துக்குக் கண்டனம், கீழே இருந்தவனுக்குச் சீட்டுக் கிழியும்.

2003 மார்ச்சில் மறுபடியும் பாக்தாத். ஈராக் அரசுத் தொலைக்காட்சிக்கு ஒரு பேட்டி கொடுத்து, அமெரிக்காவின் முதல் போர்த் திட்டம் தோற்றுவிட்டது என்றார். என்.பி.சி. வேலையைவிட்டு நீக்கியது. அன்றைக்கே லண்டன் 'டெய்லி மிரர்' சேர்த்துக்கொண்டது. பாருங்கள், இங்கேயும் ஆற்றுக்கு ஒரு அக்கரை.

7

இந்த மனிதர்தான் 2007இல் ஷான்டோவில் வகுப்பறைக்குள் நுழைகிறார்.

ஷான்டோ, குவாங்டாங் மாகாணத்தின் கிழக்கு மூலையில் உள்ள துறைமுக நகரம். பக்கத்துச் சாவோசோவில் பிறந்த ஹாங்காங் கோடீஸ்வரர் லி கா-ஷிங்கின் பண உதவியோடு 1981இல் அந்தப் பல்கலைக்கழகம் எழுந்தது. இதழியல் பள்ளிக்கு அவர் கம்பெனியின் பெயர்தான்: சுங் காங். நியூயார்க்கில் நிருபராக இருந்த யிங் சான் அப்போது அதன் முதல்வர். ஒரு விநோதம்: சைகோனின் சோலோன் பகுதியில் கடை போட்டிருந்த சீனர்களில் கணிசமானவர்கள் இந்த வட்டாரத்திலிருந்து போனவர்கள். ஆர்னெட் ஒருவிதத்தில் பழைய அண்டைவீட்டாரிடம்தான் வந்து சேர்ந்தார்.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் நிலைமை என்ன? 2011 டிசம்பரில் ஷான்டோ நகராட்சி எல்லைக்குள்ளேயே ஹைமன் என்ற ஊரில், நிலக்கரி மின் நிலையத்தை எதிர்த்து ஜனங்கள் நெடுஞ்சாலையில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. வகுப்பறையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடும் தூரம். 'போய்ப் பார்' என்ற பிரௌன் கையேட்டின் முதல் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது. ஆனால் போய்ப் பார்த்தவன் எங்கே எழுதுவது? 2013 ஜனவரியில் அதே மாகாணத் தலைநகர் குவாங்சோவில் 'சதர்ன் வீக்லி' பத்திரிகையின் புத்தாண்டுத் தலையங்கத்தைப் பிரச்சார அதிகாரிகள் மாற்றிப் போட்டார்கள். பத்திரிகையாளர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள், ஜனங்கள் அலுவலக வாசலில் கூடினார்கள். அந்த ஏப்ரலில் கட்சி ஒரு ரகசியச் சுற்றறிக்கை விட்டது, ஒன்பதாம் எண் ஆவணம். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஏழு அபாயங்களில் ஒன்று, மேற்கத்திய இதழியல் கருத்து. அதாவது ஆர்னெட் சொல்லிக்கொடுக்கிற பாடமே பட்டியலில் ஏறிவிட்டது. அந்த ஆவணத்தை வெளியே கசியவிட்டதாகக் காவ் யூ என்ற எழுபது வயதுப் பெண் செய்தியாளரை 2014 ஏப்ரலில் பிடித்து, அடுத்த வருஷம் 7 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 5 ஆகக் குறைந்து, உடல்நிலை காரணமாக வெளியே விட்டார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 1962இல் இந்தோனேசியாவைப் பற்றி உண்மை எழுதிய ஆர்னெட்டுக்குத் தண்டனை: வெளியே போ. சீனாவைப் பற்றிய ஒரு உண்மையைச் சொன்னதாகக் காவ் யூவுக்குத் தண்டனை: உள்ளே போ. வெளியேற்றப்படுகிறவர் பாடம் நடத்துகிறார், உள்ளே தள்ளப்படக் கூடியவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். அந்த வகுப்பறையின் அடிப்படை முரண் இதுதான்.

தோழர்கள் கேட்கலாம்: அப்படியானால் இது வெறும் அலங்கார வேலைதானே? பத்திரிகைச் சுதந்திரம் இல்லாத நாட்டில் புலிட்சர் வாங்கிய ஒருவரைக் காட்சிக்கு வைப்பது, கோடீஸ்வரருக்கும் கட்சிக்கும் வசதியான ஏற்பாடு இல்லையா? பாதி உண்மை. பாக்தாத் செய்தியில் 'தணிக்கைக்கு உட்பட்டது' என்று போட முடிந்ததற்குக் காரணம் ஒலிபரப்பிய நிறுவனம் பாக்தாதுக்கு வெளியே இருந்தது. ஷான்டோ மாணவனுக்கு அந்தக் குறிப்பைப் போடுவதே குற்றமாகலாம். அவனுடைய தணிக்கை அதிகாரி தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை, மண்டைக்குள் குடியிருக்கிறார். தொழில்நுட்பம் சொல்லிக் கொடுத்துவிட்டால் சுதந்திரம் தானாக வந்துவிடும் என்று எவராவது சொன்னால் அது சுத்தச் சால்ஜாப்பு.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். நான் பார்த்தது எது, எனக்குக் காட்டப்பட்டது எது, பிறர் சொன்னது எது என்று பிரித்துக் குறிப்பெடுக்கத் தெரிவது ஒரு பயிற்சி. அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. அச்சில் வராவிட்டாலும் அந்தக் குறிப்பேடு இருக்கும். என்றைக்காவது கதவு திறக்கும்போது, வதந்தியை மட்டுமே வைத்திருக்கிற சமூகத்துக்கும் குறிப்பேடு வைத்திருக்கிற சமூகத்துக்கும் வித்தியாசம் இருக்கும். இதைப் பெரிய நம்பிக்கையாகச் சொல்லவில்லை. சின்ன விஷயமாகத்தான் சொல்கிறேன். ஆனால் இது சாகசக் கதையைவிட உபயோகமான பாடம். சாகசத்தைக் கேட்டு ஒரு பிள்ளை ஹைமனுக்கு ஓடினால், விலை கொடுக்கப்போவது அந்தப் பிள்ளை. கதை சொன்னவர் அல்ல. இந்த விலை வித்தியாசத்தைப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும்.

8

ஓய்வுக்குப் பிறகு ஆர்னெட்டும் அவர் மனைவியும் கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் ஃபவுண்டன் வேலியில் குடியேறினார்கள். அகதிகளாகப் போன வியட்நாமியர்களின் பெரிய குடியிருப்பு பக்கத்தில்தான் இருக்கிறது. அதே கவுண்டியில், பக்கத்து ஊரான கோஸ்டா மேசாவின் கல்லூரி ஒன்றில்தான் 1957 முதல் 1959 வரை ஃபாம் சுவான் அன் இதழியல் படித்தார். சைகோன்காரர் அமெரிக்காவில் படித்து, அமெரிக்கர்களுக்கு வியட்நாமைச் சொல்லிக் கொடுத்தார். நியூசிலாந்துக்காரர் சைகோனில் படித்து, சீனர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இதில் ஒருவருக்குத்தான் 'பேராசிரியர்' பட்டம் வந்தது.

இதையெல்லாம் நாம் ஏன் பேச வேண்டும்? உண்மை அறியும் குழு என்று நாமும் கிளம்பிப் போகிறோம். ஒரு ஊரில் குடிசைகள் கொளுத்தப்பட்டிருக்கும், அல்லது போலீஸ் சுட்டிருக்கும். காலையில் போய் இறங்குகிறோம். உள்ளூர்ப் பையன் ஒருத்தன் முன்னால் நடக்கிறான். எந்த வீட்டில் என்ன நடந்தது, யாரிடம் கேட்க வேண்டும், யார் முன்னால் கேட்கக்கூடாது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். நாம் கேட்கிறோம், எழுதிக்கொள்கிறோம், சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுகிறோம். அறிக்கையில் நம் பெயர்கள் வரிசையாக இருக்கும், பட்டத்தோடும் பதவியோடும். அந்தப் பையன் அந்த ஊரிலேயேதான் இருக்கிறான். ராத்திரி அவன் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாது.

அவன் பெயரை நாம் போடாமல் விட்டது அவனைக் காப்பாற்றவா, அல்லது போட வேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லையா? பென் த்ரே மேஜருக்கு நடந்ததா அவனுக்கு நடந்தது, சைகோன் புகைப்படக்காரனுக்கு நடந்ததா? அறிக்கை எழுதுகிறபோது அவனிடமே ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினால் என்ன? அடுத்த பயணத்துக்கு முன்னால் இதை நமக்குள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.